செடி வளர்ப்பும் மனநலமும்



உடலில் நோய் கண்டால் மருந்தகத்தை நாடுகின்றோம். காலில் முள் தைத்தால் உடனே அதனைக் களைந்து எறிகின்றோம். ஆனால், மனத்தில் நோய் கண்டால் நாம் செய்வது யாது? பேசாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையை 'மந்தம்' என்கின்றோம். உணவை வெறுத்து மூலையில் சுருண்டு கிடக்கும் மூதாட்டியை 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடுகின்றோம். சிலர் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று சொல்லிக் கேலியும் செய்கின்றனர். 1911-ஆம் ஆண்டு முதல் ஆயிரமாயிரம் நோயாளிகளைப் பேணிவந்த ஒரு மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரை வசைச்சொல் ஆக்கியது நம் அறியாமையன்றி வேறில்லை. புண் வெளியே தெரியவில்லை என்பதற்காக வலி இல்லை என்று ஆகிவிடாது.

மனத்துயருக்கு மருத்துவர் உண்டு, மருந்தும் உண்டு. அவற்றிற்குத் துணையாக நின்று உதவவல்ல எளிய வழி ஒன்றும் உண்டு. செடி வளர்த்தலே அவ்வழியாகும். கடந்த சில ஆண்டுகளாக நம் பள்ளியில் அதனைச் சிறிய அளவில் செய்து வருகின்றோம். அது பற்றிய விளக்கத்தை இவ்வாண்டு மலரில் எழுதுவது கடமை என்று கருதினோம். கடமை என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு.

கூட்டத்தில் எழுந்த கேள்வி

பள்ளியின் பின்புறம், சிற்றுண்டிச்சாலைக்கும் வேலிக்கும் இடையே, 20 அடி அகலமும் 40 அடி நீளமும் உள்ள ஒரு நிலம் வெறுமனே கிடந்தது. அதனைப் பாத்திகளாக்கி, மாணவர்களைக் கொண்டு செடி நடத் தொடங்கினோம். அடுத்துக் கூடிய பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து நின்றார். அவர் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி.

"ஐயா, எங்க தாத்தா காடு அழிச்சாரு. அப்பா பால்மரம் வெட்டினாரு. நான் குலை வெட்டுறேன். இந்த மண்ணும் மரமும் எங்களோட போகட்டும்னுதான் புள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்புறேன். நீங்க அவன் கையில மண்வெட்டியக் குடுக்கிறீங்களே?"

செடி வளர்ப்பு மனத்துக்கு நல்லது என்று நாம் விளக்க முற்பட்டோம். அவர் விடவில்லை. "மரஞ்செடி மனசுக்கு மருந்துன்னா, விடிஞ்சதுலேருந்து மரத்தடியில நிக்கிற எங்களுக்குத்தானே மொதல்ல கவல தீர்ந்திருக்கணும்?" என்றார்.

கூட்டத்தில் பலர் தலையசைத்தனர். அன்று நம்மிடம் தக்க மறுமொழி இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பள்ளித் தோட்டம் அமைக்கும் முறையை நாம் கற்றிருந்தோம். இக்கேள்விக்கு விடை கூறக் கற்றிருக்கவில்லை. இக்கட்டுரையை அத்தந்தையாருக்கு நாம் அளிக்கும் மறுமொழியாகக் கொள்ளலாம்.

தோட்டவழிச் சிகிச்சை என்பது யாது?

நோயுற்றோர், துயருற்றோர், முதியோர், உடற்குறை உடையோர் ஆகியோரைப் பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் செடி வளர்ப்பில் ஈடுபடுத்தி, அதன் வழியாக அவர்தம் உடலும் உள்ளமும் தேறச் செய்யும் முறையைத் தோட்டவழிச் சிகிச்சை என்பர். விதையிடுதல், நாற்று நடுதல், நீர் வார்த்தல், களை எடுத்தல், காய் பறித்தல் ஆகிய யாவும் இதில் அடங்கும். இங்கு விளைச்சலைவிட விளைவிக்கும் மனிதரே முதன்மை பெறுகின்றார். பத்து வெண்டைக்காய் காய்த்ததா என்பது இரண்டாம் கேள்வி. அச்செடியைக் காண அவர் காலையில் படுக்கையைவிட்டு எழுந்தாரா என்பதே முதற்கேள்வி.

நம் பள்ளியில் நடப்பது முறையான சிகிச்சை அன்று. அவ்வாறு சொல்லிக்கொள்ளும் தகுதியும் நமக்கு இல்லை. அதன் அடிப்படைகளை அறிந்து, ஒரு பள்ளி செய்யக்கூடியதைச் செய்கின்றோம், அவ்வளவே.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான பெஞ்சமின் ரஷ் என்னும் மருத்துவர் 1812-ஆம் ஆண்டில் மனநோய் பற்றி நூலொன்று வெளியிட்டார். மருத்துவமனையில் விறகு பிளந்தும் தோட்டத்தைக் கொத்தியும் வேலை செய்த ஏழை நோயாளிகள் பலர் நலம் பெற்றதையும், உயர்ந்த நிலையினர் என்பதால் வேலையிலிருந்து விலக்கப்பட்டோர் நலிந்து கிடந்ததையும் அவர் அந்நூலில் குறித்துள்ளார். சும்மா இருப்பதே மனத்துக்குப் பெரும் சுமை என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு மருத்துவர் கண்டிருக்கின்றார்.

நம் நாட்டுச் சான்று

தொலைநாட்டைவிட நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. சிலாங்கூர் மாநிலத்தின் சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பே அது. அந்நாளில் தொழுநோயாளர்களைச் சட்டத்தின் வழியாகக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்து வைத்தனர். அவர்களைச் சிறைக்கைதிகள் போல நடத்தாமல், ஓர் ஊர் போன்ற இடத்தில் மனிதராக வாழவைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் டிராவர்ஸ் என்னும் மருத்துவர். அதன் பயனாக 1930-ஆம் ஆண்டில் சுங்கை பூலோ பள்ளத்தாக்கில் அக்குடியிருப்பு திறக்கப்பெற்றது. சிறு சிறு வீடுகளும், பள்ளியும், பல சமயத்தாருக்குரிய வழிபாட்டு இடங்களும் அங்கு இருந்தன. 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்ற பெயரும் அதற்கு உண்டு.

ஆயினும் அது துயரம் நிறைந்த இடமேயாகும். அங்குப் பிறந்த குழந்தைகளும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். 1940-களின் பிற்பகுதியில் புதிய மருந்துகள் வந்தபின் பலர் நோய் நீங்கப் பெற்றனர். ஆனால், அவர்களுள் பலரை வெளியுலகம் ஏற்க மறுத்தது. திரும்பிச் செல்ல வீடில்லாத அவர்கள் பள்ளத்தாக்கிலேயே தங்கினர். தங்கியோர் பலர் கையிலெடுத்த தொழில் யாது தெரியுமா? பூச்செடி வளர்ப்பு!

தொழுநோய் நரம்புகளைத் தாக்குவதால் கைவிரல்கள் உணர்ச்சியை இழக்கும். சிலருக்கு மடங்கியும் போகும். அத்தகைய கைகளால் அவர்கள் மண்ணைக் கிளறினர், பதியன் போட்டனர், தொட்டிகளை நிரப்பினர். அவர்களைத் தொட அஞ்சிய நகரத்து மக்கள், அவர்கள் தொட்டு வளர்த்த செடிகளை வாங்கிச் செல்ல வண்டியேறி வந்தனர். இன்றும் சுங்கை பூலோ என்றதும் கோலாலம்பூர் மக்களுக்கு நினைவுக்கு வருபவற்றுள் அங்குச் சாலையோரத்தில் நிரை நிரையாக உள்ள செடி விற்பனைத் தோட்டங்களும் ஒன்றாகும். 2007-ஆம் ஆண்டில் குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. செடிகள் அங்கு இன்னும் பூத்துக்கொண்டிருக்கின்றன.

செடி அவர்களின் நோயைத் தீர்க்கவில்லை, மருந்தே தீர்த்தது. ஆனால், 'நீ வேண்டாதவன்' என்று உலகம் சொல்லிய பிறகு, 'நீ நீர் வார்க்காவிடில் நான் பிழையேன்' என்று ஓர் உயிர் அவர்களிடம் சொல்லியது. மருந்தால் தர முடியாத ஒன்றை அது தந்தது என்பதில் ஐயமில்லை.

ஆய்வாளர் கண்டவை

அண்மைக் காலத்தில் அறிவியலாரும் இதனை அளந்து பார்த்துள்ளனர். மூன்று ஆய்வுகளை மட்டும் ஈண்டுக் குறிப்போம்.

முதலாவது, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றைப் பற்றியது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். அவர்களுள் பாதிப்பேரின் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மறுபாதியினருக்குச் செங்கற்சுவர் மட்டுமே தெரிந்தது. மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். வலி தணிக்கும் கடுமையான மருந்துகளையும் குறைவாகவே பெற்றிருந்தனர். இவ்வாய்வு 1984-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இரண்டாவது, 2011-ஆம் ஆண்டில் நெதர்லாந்திலிருந்து வெளிவந்தது. தோட்ட வேலையில் பழக்கமுள்ள 30 பேருக்கு மனத்தை நெருக்கும் கடினமான பணி ஒன்றை முதலில் கொடுத்தனர். பின்னர்ப் பாதிப்பேரை 30 நிமிடம் தோட்டத்தில் வேலை செய்யவும், ஏனையோரை 30 நிமிடம் நூல் வாசிக்கவும் செய்தனர். மனநெருக்கடியின்போது உடலில் மிகும் கோர்ட்டிசோல் என்னும் சுரப்பு இரு சாராருக்கும் குறைந்தது. ஆயினும் தோட்டத்தில் இருந்தோருக்கே மிகுதியாகக் குறைந்தது. மாணவர்களே, இதனைக் காட்டி 'வாசிக்க வேண்டாம்' என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்! வாசிப்பும் பயன் தந்தது என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில் நிகழ்ந்தது. 59 முதியோரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2018-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. செடி வளர்ப்பில் ஈடுபட்டோரின் இரத்தத்தில், உடல் அழற்சியோடு தொடர்புடைய ஒரு பொருளின் அளவு குறைந்திருந்தது. அந்நாட்டுத் தேசியப் பூங்காக் கழகம் 2016-ஆம் ஆண்டில் ஹோர்ட்பார்க் என்னும் பூங்காவில் முதல் சிகிச்சைத் தோட்டத்தைத் திறந்தது. பின்னர் வேறு பல பூங்காக்களிலும் அமைத்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கைக்கு எட்டும் உயரத்தில் பாத்திகளை அத்தகைய தோட்டங்களில் காணலாம்.

செடி எவ்வாறு மனத்தைத் தேற்றுகிறது?

முதலாவதாக, அது களைத்த கவனத்துக்கு ஓய்வளிக்கிறது. கணக்குப் போடும்போது கவனத்தை வலிந்து நிறுத்துகின்றோம்; அதனால் மூளை சோர்கிறது. தும்பி வந்து பூவில் அமர்வதைப் பார்க்கும்போது கவனம் தானே சென்று நிற்கிறது. அவ்வேளையில் சோர்ந்த பகுதி இளைப்பாறுகிறது என்பர் ரேச்சல் காப்லன், ஸ்டீபன் காப்லன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்கள்.

இரண்டாவதாக, அது உடலை அசைக்கிறது. குனிதல், நிமிர்தல், அள்ளுதல், கிள்ளுதல் ஆகிய அசைவுகள் பக்கவாதம் வந்து தேறியவருக்கும் பயிற்சியாகும். பந்தை அமுக்கு என்றால் சலிப்படையும் முதியவர், கீரை கிள்ளு என்றால் ஒரு கட்டு முடியும்வரை கிள்ளுவார்.

மூன்றாவதாக, அது நினைவைத் தூண்டுகிறது. மறதி நோய் கண்டவருக்குப் பேரப்பிள்ளையின் பெயர் மறந்திருக்கும். கருவேப்பிலையைக் கசக்கி முகரச் சொன்னால், முப்பது ஆண்டுகளுக்கு முந்திய அடுப்படி நினைவுக்கு வரக்கூடும்.

நான்காவதாக, அது காலத்தைக் கற்பிக்கிறது. துயருற்ற மனத்துக்கு நாளை என்பதே தெரிவதில்லை. விதையிட்டவனோ நாளைக்கு முளைக்குமா என்று பார்க்கின்றான். அவ்வளவில் அவனுக்கு நாளை ஒன்று பிறந்துவிடுகிறது.

மரம் ஒன்று, உறவு வேறு

இனி, அத்தந்தையாரின் கேள்விக்கு வருவோம். நாள் முழுதும் மரத்தடியில் நிற்பவருக்கு மனம் ஏன் தேறவில்லை?

நாம் எண்ணிப் பார்த்துக் கண்ட விடை இது. செடியின் அருகில் இருப்பது மட்டும் மருந்தாகாது. அச்செடிக்கும் நமக்கும் உள்ள உறவே மருந்தாகிறது. அந்தத் தொழிலாளர் தொடும் மரம் அவருடையதன்று. எதை நடுவது என்று அவரை யாரும் கேட்கவில்லை. விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டும். இத்தனை குலை வெட்டியாக வேண்டும். மழை பெய்தால் வருமானம் குறையும். மரம் வாடினால் அவர் வருந்தலாம்; முடிவு செய்ய இயலாது. அது பிழைப்பு. உயர்ந்த உழைப்புமாகும், அவ்வுழைப்பால் இந்நாடு வளர்ந்தது. ஆனால், நெருக்கடியோடு செய்யும் வேலை ஓய்வாகாது.

அதே தொழிலாளி மாலையில் லயத்துக்குத் திரும்பியபின், வாசலில் தாம் நட்ட முருங்கையையும் வாழையையும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் குளிக்கச் செல்வார். அவ்வேளையில் அவர் முகத்தை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். பகலில் ஆயிரம் மரங்களைக் கண்டு களைத்த அதே கண், ஒரு பூசணிப் பிஞ்சைக் கண்டு மலரும். அது அவர் விரும்பி நட்டது. யாரும் எடை போடாதது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கக்கூடியது. பழைய லயத்து வீடுகளைச் சுற்றி இருந்த கீரைப் பாத்தியும் துளசி மாடமும் கனகாம்பரமும் நம் முன்னோரின் மனத்தைக் காத்த மருந்தகங்கள் என்றே சொல்லலாம். இவ்வுண்மையை நமக்குக் கற்பித்தது அத்தந்தையாரின் கேள்வியே. அதற்காக அவருக்கு நன்றி கூறுகின்றோம்.

நாம் செய்த தவறு

அவருடைய அச்சம் முற்றிலும் தவறானது என்றும் சொல்வதற்கில்லை. ஏனெனில், நாமே ஒரு காலத்தில் அத்தவற்றைச் செய்தோம்.

பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், பள்ளிக்குத் தாமதமாக வரும் மாணவர்களுக்குப் புல் பிடுங்கும் தண்டனை அளித்து வந்தோம். அடிப்பதைவிட அது மேலானது என்று அந்நாளில் எண்ணினோம். பல ஆண்டுகள் கழித்து, அவர்களுள் ஒருவரைப் பட்டணத்தில் கண்டோம். திருமணமாகிச் சொந்த வீடும் வாங்கியிருந்தார். "வீட்டு முன்னால கொஞ்சம் மண் இருந்துச்சு, ஐயா. சிமெண்டு போட்டுட்டேன். புல்லப் பார்த்தாலே கொடிக்கம்பத்தடியில வெயில்ல உட்கார்ந்த ஞாபகந்தான் வருது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளைக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை நம் கையாலேயே முறித்திருந்தோம்.

ஆகவே, நம் பள்ளித் தோட்டத்தில் இன்று மூன்று விதிகள் உள்ளன. தண்டனையாக எவரும் தோட்டத்துக்கு அனுப்பப்படுவதில்லை. எதை நடுவது என்பதை மாணவரே முடிவு செய்வர். விளைந்ததை நட்டவரே வீட்டுக்குக் கொண்டுசெல்வர். இம்மூன்றும் இல்லையெனில் அது வெறும் கூலியற்ற வேலையாகும். அத்தந்தையாரின் கோபமும் நியாயமாகிவிடும்.

பேரனும் பாட்டியும்

2020-ஆம் ஆண்டு மார்ச் 18 முதல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததையும், பள்ளிகள் நெடுங்காலம் மூடிக்கிடந்ததையும் நாம் அறிவோம். திரும்பி வந்த பிள்ளைகளுள் சிலர் முன்போல் இல்லை. எழுத்து மறந்தவர்களுக்கு எழுத்தைக் கற்பித்தோம். பேச்சு மறந்தவர்களுக்கு என்ன செய்வது?

மூன்றாம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். அவனுடைய தந்தையார் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டார். வருகைப் பதிவின்போதுகூட அவன் வாய் திறப்பதில்லை; கையை மட்டும் உயர்த்துவான். ஆசிரியை ஒருவர் அவனை மேலும் இரு மாணவர்களோடு சேர்த்து, ஒரு வெண்டைப் பாத்தியைப் பொறுப்பளித்தார். முதல் வாரம் வாளியில் நீரை நிரப்புவான், ஊற்றுவான், மீண்டும் நிரப்புவான். யாரும் அவனைப் பேசச் சொல்லவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் அவனே ஆசிரியையிடம் ஓடிவந்து, "டீச்சர், வெட்டுக்கிளி!" என்றான். இலையெல்லாம் துளையாகியிருந்தது. அந்த வெட்டுக்கிளிக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கின்றோம்.

அவனை அழைத்துச் செல்ல அவனுடைய பாட்டியார் வருவார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பட்டையின் உட்புறத்துப் பச்சைத்தோலைக் காயப்படுத்தாமல் மெல்லிய சீவலாக வெட்டத் தெரிந்த கை அவருடையது. அவர் வாழ்ந்த தோட்டம் விற்கப்பட்டபின், மலிவு விலை அடுக்குமாடி வீட்டின் நான்காம் மாடிக்குக் குடியேறினார். லயத்து வாசலில் இருந்த முருங்கையும் கருவேப்பிலையும் போயின. பின்னர் மகனும் போனார். பள்ளி வாயிலில் தலைகுனிந்தே நிற்பார். அரசாங்க மருந்தகத்தில் அவருக்கு மருந்து தந்து வந்தனர்.

ஒரு நாள் நண்பகலில் மாணவர்கள் கத்தரி நாற்று நட்டுக்கொண்டிருந்தனர். அவர் வேலியோரம் வந்து நின்று பார்த்தார். திடீரென்று, "பெரிய வாத்தியாரே! இந்த வெயில்லயா நாத்து நடுவாங்க? பச்சக் கோழி எருவத் தூர்ல கொட்டியிருக்கீங்களே, வேரு வெந்துபோயிடாதா?" என்று உரத்துக் கேட்டார். பிள்ளைகளின் முன்னிலையில் நாம் தலைமையாசிரியர் என்பதையும் அவர் பொருட்படுத்தவில்லை. ஆயினும் அவர் சொன்னது முற்றிலும் உண்மை. மறுநாள் மாலை, வெயில் தாழ்ந்தபின், மக்கிய எருவிட்டு அவரே நட்டுக் காட்டினார். இப்பொழுது வாரம் இரு முறை வருகின்றார். நாம் ஒரு தோட்டக்காரரைப் பெற்றோம். அவர் தமக்குத் தெரிந்ததைக் கேட்க ஆளிருக்கும் ஓரிடத்தைப் பெற்றார்.

செடி யாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொல்லமாட்டோம். பாட்டியார் இன்னும் மருந்து உட்கொள்கின்றார். பேரன் சில நாள்களில் இன்னும் மௌனமாகவே இருக்கின்றான். ஆனால், வருகைப் பதிவின்போது குரல் கொடுக்கின்றான். விடுமுறையில் பாத்திக்கு யார் நீர் வார்ப்பது என்று கேட்கின்றான். இதுவே எமக்குப் போதும்.

வீட்டில் தொடங்கும் முறை

பெரிய நிலம் தேவையில்லை. பழைய வாளி, எண்ணெய்த் தகரம், நெகிழிப் புட்டி ஆகியவற்றின் அடியில் துளையிட்டால் தொட்டியாகிவிடும். அடுக்குமாடியில் வாழ்வோர் காலை வெயில் படும் இடத்தில் வைக்கலாம். மண், மக்கிய இலை, சிறிது மணல் ஆகியவற்றைக் கலந்து நிரப்பலாம். அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றலாம். ஆலையில் கிடைக்கும் செம்பனை வெற்றுக் குலையைப் பாத்தியின் மேல் பரப்பினால் ஈரம் காயாது.

மனம் சோர்ந்தவருக்கு விரைவில் பயன் தரும் செடியே முதலில் ஏற்றது. ஊறவைத்த பாசிப்பயறு ஓரிரு நாளில் முளைவிடும். கங்கோங் 25 முதல் 30 நாளில் பறிக்கும் பருவம் அடையும். வெண்டையும் பயற்றங்காயும் ஏறக்குறைய 45 முதல் 50 நாளில் காய்க்கும். கத்தரியும் மிளகாயும் அதனினும் காலம் எடுக்கும். அவற்றைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். கற்பூரவல்லியும் செராயும் பண்டானும் ஒடித்து நட்டாலோ பிரித்து நட்டாலோ பிழைத்துக்கொள்ளும், மணமும் தரும்.

ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். உயிரிழப்பால் துயருறும் பிள்ளையிடம் ஒற்றைச் செடியை ஒப்படைக்காதீர்கள். அது பட்டுப்போனால், தன்னால்தான் இறந்தது என்று அப்பிள்ளை எண்ணக்கூடும். பத்துச் செடிகளுள்ள பாத்தியைப் பலரோடு சேர்த்துக் கொடுங்கள். இரண்டு பட்டாலும் எட்டு நிற்கும். வாடியதைப் பிடுங்கி எருக்குழியில் இடும்போது, நன்றாகக் கவனித்தும் சில செடிகள் பட்டுப்போவதுண்டு என்று மென்மையாகச் சொல்லுங்கள்.

நீர் வார்க்க மறந்தால் ஏசாதீர்கள். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். கூடவே நின்று, பேச விரும்பினால் கேளுங்கள். விரும்பாவிட்டால் சும்மா இருங்கள்.

கவனிக்க வேண்டியவை

தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கிக் காய்ச்சல் பரவும். வாரம் ஒருமுறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். மண்ணிலும் சேற்றிலும் நோய்க்கிருமிகள் உண்டு. நீரிழிவு உள்ளோரும் காலில் புண் உள்ளோரும் கையுறையும் காலணியும் இன்றி இறங்கலாகாது. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். அரளி, ஊமத்தை, குன்றிமணி ஆகியவை நச்சுடையவை. சிறுவரும் மறதி நோயாளரும் புழங்கும் இடத்தில் அவை வேண்டாம். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் இருந்த கலன்களை எத்துணைக் கழுவினாலும் தொட்டியாகவோ நீர்ச்சாடியாகவோ பயன்படுத்தாதீர்கள்.

எல்லாவற்றினும் முதன்மையானது இது: செடி, மருத்துவருக்கு மாற்று அன்று. பல வாரங்கள் உறக்கமின்றி, உணவின்றி, வாழ்வில் பிடிப்பின்றி ஒருவர் இருந்தால் அவரை அரசாங்க மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சாக விரும்புவதாக ஒருவர் சொன்னால் அதனை விளையாட்டாகக் கருதாமல் அன்றே உதவி நாடுங்கள். அதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

முடிவுரை

முல்லைக்கொடி பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்ததைக் கண்டு தன் தேரை ஈந்த பாரி வள்ளலின் கதையைப் பாடநூலில் படித்திருக்கிறீர்கள். கொடிக்குத் தேர் எதற்கு என்று ஒரு மாணவன் நம்மிடம் கேட்டதுண்டு. கொடிக்கு ஒரு கொம்பே போதும். ஆனால், தன்னைக் காட்டிலும் எளிய உயிரொன்று தவிப்பதைக் கண்டு நிற்கத் தெரிந்த மனம், தன் அருகில் தவிக்கும் மனிதரையும் காணத் தவறாது. பள்ளித் தோட்டத்தில் நாம் வளர்க்க விரும்புவது அந்த மனத்தையே.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளை மண்வெட்டிக்கு அனுப்ப நாம் எண்ணவில்லை. அவர்கள் மருத்துவராகட்டும், பொறியியலாளராகட்டும், எங்கும் சென்று வாழட்டும். எத்துணை உயர்ந்தாலும் மனம் தளரும் நாள் ஒன்று எவருக்கும் வரும். அந்நாளில் சன்னலோரத்துத் தொட்டி ஒன்றுக்கு நீர் வார்க்கத் தெரிந்திருந்தால் அது அவர்களுக்குத் துணையாகும். நீங்கள் வியர்வை சிந்திப் பெற்ற அறிவு அது. அதனைப் பிள்ளைகளுக்கு நிறைந்த மனத்தோடு கொடுங்கள்.

கூட்டத்தில் கேள்வி எழுப்பிய அத்தந்தையார் நம் விளக்கத்தை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. ஆயினும், சென்ற மாதம் பள்ளிக்கு வந்தவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணிக் குழாய் இவ்வளவு தூரத்துல இருந்தா சின்னப் புள்ளைங்க எப்படித் தூக்கும்?" என்று கேட்டார். அதற்கும் நம்மிடம் தக்க மறுமொழி இல்லை. குழாயை நீட்டும் பணி அடுத்த வாரம் தொடங்குகிறது. அவரும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.

வாழ்க மாணவர் நலம்! வளர்க நம் பள்ளி!